எல்லாப் பூவும் 412

ஓணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது தோவாளையில் பூ வியாபாரிகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. அப்படியொரு விடியக்காலையில் எங்கள் மென்பொருளை வாங்கியிருந்த கமிஷன் கடைக்காரர் போன் போட்டார். "தம்பி, கேந்திக்கும் பிச்சிக்கும் ஒரே கணக்கு காட்டுது. வாடாமல்லிக்கும் அதே கணக்கு. என்ன சங்கதி?"

முந்தின நாள் ராத்திரி நான் ஏற்றிவிட்டுப் போன மாற்றம்தான். வடசேரியில் ஒரு மாடியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு, பல் தேய்த்தும் தேய்க்காமலும் ஓடினேன்.

போனதும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நிரல் வரிகளுக்கு நடுவே, உள்ளே இருப்பதைத் திரையில் எழுதிக் காட்டும் ஒரு 'பிரிண்ட்' கட்டளை. அன்றைய வரவு மொத்தமும் ஒரே டிக்ஷனரியில் இருந்தது. பூவின் பெயர், அதன் கீழ் லாட்களின் லிஸ்ட். லாட் என்றால் ஒரு விவசாயி கொண்டுவந்த ஒரு சரக்கு. ஒவ்வொரு லாட்டிலும் விவசாயி பெயர், ஊர், எடை, விலை, கமிஷன், சுமைகூலி. என்டரைத் தட்டியதும் எழுத்து ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. மேலே போன வரிகள் டெர்மினலை விட்டே போய்விட்டன. நான் திரையோடு மூக்கை வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வாசிக்கவில்லை, வாசிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கையில் ஏதோ வேலை நடக்கிறது என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் சீனியர் விளவங்கோடு பக்கத்துக்காரர். டீயோடு பின்னால் வந்து நின்றார்.

"என்ன மக்கா இது?"

"எங்க தப்புன்னு தெரியலண்ணே. அதான் எல்லாத்தையும் போட்டுப் பாக்கேன்."

"இத நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள திருவோணம் கழிஞ்சிரும். அவருக்க புகார் என்ன? எல்லாப் பூவுக்கும் ஒரே கணக்கு, அதானே? அப்ப பூ பேரையும், எத்தன லாட்டுங்கதையும் மட்டும் அடி."

அடித்தேன். பதினோரு வரி வந்தது. கேந்தி 412. பிச்சி 412. மல்லி 412. அரளி 412. சம்பங்கி 412. அதற்குக் கீழே போகவேண்டிய தேவையே இருக்கவில்லை.

நாங்கள் நிரல் எழுதும் பைத்தான் மொழியில் 'ஃப்ரம்கீஸ்' என்று ஒரு வசதி உண்டு. பெயர்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இந்த மதிப்பை வை என்று சொல்லலாம். நான் பதினோரு பூவின் பெயரைக் கொடுத்து, காலி லிஸ்ட் ஒன்றையும் கொடுத்திருந்தேன். அது பூவுக்கொன்றாகப் பதினோரு லிஸ்ட் செய்யாது. நான் கொடுத்த அதே ஒரு லிஸ்ட்டைத்தான் பதினோரு பெயருக்கும் மாட்டிவிடும். கேந்தியில் போட்ட லாட் பிச்சியிலும் தெரியும், அரளியிலும் தெரியும். சந்தேகம் தீர, ஒவ்வொன்றின் அடையாள எண்ணைக் காட்டும் 'ஐடி' போட்டுப் பார்த்தேன். பதினொன்றுக்கும் ஒரே எண். பூவுக்கொரு புது லிஸ்ட் உண்டாக்கும்படி ஒரு வரியை மாற்றியதும் கணக்கு நேராகிவிட்டது. டீ ஆறியிருக்கவில்லை.

முதல் பிரிண்டிலும் இதே தகவல் இருந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. 412 லாட், பதினோரு தடவை, மொத்தம் 4532 லாட். ஒளிவுமறைவே இல்லை. ஆனால் பூவின் பெயர் மேலே தலைப்பில்தானே இருக்கிறது, லாட்டுக்குள் இல்லையே. எந்த லாட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அது ஒழுங்கான லாட்தான். முழுசாக அடித்ததால் தப்பு மறைந்தே போனது.

சுருக்கி அடிக்கப் பைத்தானிலேயே கருவிகள் உண்டு, நான்தான் அதுவரை எட்டிப் பார்க்கவில்லை. 'பிபிரிண்ட்' எத்தனை அடுக்கு வரை காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ளதை மூன்று புள்ளி வைத்து விட்டுவிடும். 'ரெப்ர்லிப்' இன்னும் கறார். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் லிஸ்ட்டில் 6 உருப்படி, டிக்ஷனரியில் 4, அதோடு சரி. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் 60 வரிக்கு மேல் போனால் தலையில் ஐந்தும் வாலில் ஐந்தும் காட்டும். வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில், டேட்டாபேசில் தேடி எடுக்கும் குவெரிசெட்டைப் பிரிண்ட் செய்தால் 20 காட்டிவிட்டு மிச்சத்தை வெட்டியதாக ஒரு குறிப்புப் போடும். ஆனால் அந்தப் பிரிண்டுக்காகவே டேட்டாபேசுக்கு ஒரு நடை போய் 21 வரி எடுத்து வரும், அதை மறக்கக்கூடாது. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் இரண்டு அடுக்குக்குக் கீழே வெறும் 'ஆப்ஜெக்ட்' என்றுதான் நிற்கும். எனக்குப் பிடிக்காத சுருக்கம் அதுதான். எத்தனை என்றாவது சொல்லித் தொலைக்கலாம்.

லாட்டுக்கு ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு, எழுதியபோது, பிரிண்ட் செய்தால் அது எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லும் 'ரெப்ர்' எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதாவிட்டால் கிளாஸ் பெயரும் ஒரு மெமரி முகவரியும்தான் வரும். பூ, எடை, ஊர் என்று அழகாக எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெருமைக்கு மொத்தத் தொகையையும் சேர்த்தேன். ஒருநாள் விலை ஏறாத பாதி லாட் ஒன்று தப்பில் மாட்டியது. அதைத் தப்புகளைப் பதியும் லாகில் எழுதப்போன இடத்தில் ரெப்ர் தொகையைக் கணக்குப்போட முயன்று தானே விழுந்தது. உண்மையான தப்பு என்னவென்று எழுதவேண்டிய இடத்தில், எழுதப்போனவனின் தப்புதான் இருந்தது. அன்றிலிருந்து ரெப்ருக்குள் கணக்கு வைப்பதில்லை, கையில் இருப்பதை மட்டும் காட்டுவேன்.

இன்னொன்று நம்ம மொழிக்கே உரிய தொல்லை. ஊர்வாரிப் பட்டியலில் 'தோவாளை' இரண்டு முறை வந்தது. இரண்டையும் அடித்துப் பார்த்தேன், அட்சரம் பிசகாமல் ஒரே மாதிரி. முன்னாலும் பின்னாலும் வெற்றிடம் இல்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் பக்கத்தில் நீளத்தையும் அடித்தேன். ஒன்று 6, மற்றது 7. ஒன்று போனில் தட்டியது. இன்னொன்று பழைய எக்செல் தாளை எழுத்துரு மாற்றி ஏற்றியபோது வந்தது. முதலாவதில் 'தோ'வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோட் எழுத்து. இரண்டாவதில் ஏகாரக் கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு ஊர். பெயர்கள் உள்ளே வரும்போதே, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' வடிவுக்கு மாற்றியதும் தோவாளை ஒரே ஊரானது.

பிறகு ஒருநாள் பிரிண்டர் மாட்டித்தர அந்தக் கடைக்கே போனேன். விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆரல்வாய்மொழிக் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. பூ வாங்க வந்த ஒருவர் மூட்டை வாயைத் திறந்தார், மேலே இருந்த பிச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து உதறிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. லாட் லிஸ்ட்டைச் சுருக்க, தலையில் மூன்று, வாலில் மூன்று என்று நான் அடித்துக்கொண்டிருந்ததெல்லாம் மூட்டை வாயில் வைத்த பூ.

திரும்பி வந்து, நடுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எடுக்கும்படி மாற்றினேன். அண்ணனிடம் காட்டினால், "கை போன இடத்துல அழுகல் இருந்தா சரி, இல்லேன்னா?" என்றார். கடைசியில் எண்ணிக்கை, ஆகக் குறைந்த எடை, ஆகக் கூடிய எடை, சராசரி என்று பூவுக்கு ஒரு வரியாக முடிந்தது. அந்த வாரமே பலன் கொடுத்தது. பிச்சி, 388 லாட், குறைந்தது 0.5, கூடியது 18500. பதினெட்டரை டன் பிச்சியை யாரும் சுமந்து வந்திருக்க முடியாது. நடுவில் மாற்றி வைத்த தராசு ஒன்று கிலோவுக்குப் பதில் கிராமில் அனுப்பிக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்ய நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கே தம்பி. இத ஏன் எனக்கு இத்தன நாளா காட்டல?"

"இது எங்களுக்குத் தப்புப் பிடிக்கதுக்கு, அண்ணாச்சி."

"எனக்கும் அதுக்குத்தான். தெனமும் மார்க்கெட்டு முடிஞ்சதும் ஒரு தாளு அடிச்சுத் தாங்க. அந்தச் சராசரி வேண்டாம், அத எடுத்திருங்க."

எடுத்துவிட்டேன்.