கொடி அலையை மறிக்குமா?

“கொடி அலையை மறிக்குமா ஐயா?”

2006இல், இலங்கையின் கிழக்குக் கரையில் திருக்கோவில் என்ற ஊரின் கடற்கரையில் நான் கேட்டது இது. சுனாமிக்குப் பிறகு, அலைக்குத் தடுப்பாகச் சவுக்கங்கன்று நடுவதற்காக, மணலில் படரும் அடம்பன் கொடியைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தோம். கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். “இதப் புடுங்காதீங்க மகன். 78 சூறாவளிக்கும் இதுதான் மண்ணப் புடிச்சிக்கொண்டு கிடந்தது. புடுங்கினா மறுகா மண் வீட்டுக்குள்ள வரும்” என்றார். அதற்குத்தான் என் கேள்வி. அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சுனாமியில் அவருடைய மகளும் பேரனும் போனதை அன்று பின்னேரம்தான் எனக்குச் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் ஊரில் யாரைக் கேட்டாலும் கெதியாய் வளர்ந்து கடலை மறைக்கிற மரம்தான் கேட்டார்கள். அலைச்சத்தம் கொஞ்சம் கூடினாலே பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள். தரையில் படர்ந்து கிடக்கிற அடம்பனைக் காட்டி இதுதான் காவல் என்று நான் எப்படிச் சொல்வது? எனக்கு மேலே இருந்தவர்களும் நட்ட கன்றைத்தான் எண்ணினார்கள்.

ஆனால் நான் தாவரவியல் படித்தவன். அமெரிக்கத் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் 1899இல் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளைப் பற்றி எழுதியதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன். கரையிலிருந்து உள்ளே நடக்க நடக்க, ஒரே நிலம் வருடக்கணக்கில் மாறிவந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். நம் கரையில் செடிகள் வேறு, முறை அதேதான். முன்னால் அடம்பனும், இராவணன் மீசை என்கிற முள்ளுப்புல்லும். காற்றில் வரும் மணல் அவற்றில் தட்டி விழும். மணல் மூடினால் கொடி அதற்கு மேலே தலைநீட்டி, கணுவுக்குக் கணு வேர்விடும். மேடு அப்படித்தான் ஏறும். அதன் மறைவில் உப்புக்காற்று குறைந்த இடத்தில் தாழையும் பற்றைகளும். சருகு விழுந்து மண் கறுத்த பிறகுதான் பெரிய மரம். நாங்கள் கடைசியில் வரவேண்டியதை முதலில் நட்டோம்.

கொடி அலையை மறிக்காது என்பது இப்பவும் சரிதான். மேடுதான் மறிக்கும். தென்கிழக்குக் கரையில் உள்ள யாலவில் மணல்மேட்டை அகற்றியிருந்த இடத்து விடுதியைத்தான் சுனாமி வாரிக்கொண்டு போனது. ஆனால் அந்த மேட்டைக் கட்டுவது கொடி. பெரியவர் சொல்ல வந்தது இதுதான். எனக்கும் தெரிந்ததுதான்.

போன வருடம் போய்ப் பார்த்தேன். சவுக்கு நெடுநெடுவென்று நிற்கிறது. கீழே ஊசிச்சருகு மெத்தை மாதிரி. விரலால் கிளறினேன், ஒரு முளைகூட இல்லை. கடல் பக்கத்து மரங்களின் வேர் வெளியே தொங்குகிறது. எங்கள் கன்றுகள் பட்டுப்போன வடக்கு மூலையில் மட்டும் அடம்பன் திரும்பி வந்து, இடுப்பளவு மேடு கட்டியிருக்கிறது. சவுக்கு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, “இந்த மரம் இல்லாட்டி இந்த வெயிலுக்கு எங்க இருக்கிற?” என்றாள்.

பெரியவர் இப்போது இல்லை. அவர் வீடு சவுக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவர் பயந்த மாதிரி வாசலில் மண் ஏறவில்லை. அதைப் பார்த்ததும் மனம் ஆறியது. பிறகு அந்த வடக்கு மூலைக்கு இன்னொரு தடவை நடந்து போனேன்.