ரோஸ்மேரியும் வேலியோரத்துக் கற்பூரவல்லியும்

கேமரன் மலைக்குச் சென்று திரும்பிய என் தங்கை மகள், சென்ற ஆண்டு ஒரு ரோஸ்மேரித் தொட்டியை வாங்கி வந்து, "பெரியம்மா, இது உங்களுக்கு" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மலேசியாவில் நான் இருக்கும் சுங்கை சிப்புட்டின் புழுக்கத்திலும் மாலை மழையிலும் அது இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வேர் அழுகி, ஊசி போன்ற இலைகள் கருத்து உதிர்ந்தன. மத்தியதரைக் கடலோரத்து வறண்ட மண்ணில் வளரும் செடிக்கு நம் ஈரம் ஒத்துவராது என்பதை, அது பட்டுப்போன பிறகுதான் படித்தேன்.

செடி போயிற்றே தவிர, ரோஸ்மேரி எங்கள் தாமான் குடியிருப்பை விட்டுப் போகவில்லை. முடி வளரும், மறதி போகும், சர்க்கரை இறங்கும் என்று குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாரம் ஒரு செய்தியாவது வருகிறது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அதன் எண்ணெய் சிறு புட்டிகளிலும் காய்ந்த இலை பொட்டலங்களிலும் கிடைக்கின்றன. நானும் அந்த இலையை வாங்கி, மாதக்கணக்கில் தேநீராகக் காய்ச்சிக் குடித்தவள்தான். ஆகவே பிறரைக் கேலி செய்யும் நோக்கில் இதை எழுதவில்லை.

ரோஸ்மேரி நமக்கு அந்நியச் செடி போலத் தோன்றினாலும், துளசி, புதினா, கற்பூரவல்லி, மலாய்க்காரர்கள் மீசை கூச்சிங் என்று சொல்லும் பூனை மீசை ஆகிய அனைத்தும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1958-இல் இத்தாலிய வேதியியலாளர் இருவர் அதன் இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, செடியின் பெயரையே அதற்கு வைத்து ரோஸ்மரினிக் அமிலம் என்று அழைத்தார்கள். அதே அமிலம் துளசியிலும் பூனை மீசையிலும் இருக்கிறது. அவர்கள் கையில் துளசி முதலில் கிடைத்திருந்தால் இன்று பெயர் வேறாக இருந்திருக்கும். புட்டியின் விலையும் ஒருவேளை குறைவாக இருந்திருக்கும். லயத்து வீட்டில் நாங்கள் இருந்த காலத்தில், சளி பிடித்தால் அம்மா வேலியோரத்துக் கற்பூரவல்லியைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து தருவார். அதை நாங்கள் வைத்தியம் என்றுகூட நினைத்ததில்லை.

ஆனாலும் ரோஸ்மேரிக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்கும் அதன் நெருங்கிய உறவான சேஜ் செடிக்கும் உரிய கார்னோசிக் அமிலம்தான் அது. எண்ணெய் தரும் செம்பனை சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எண்ணெயைத் திறந்து வைத்தால் ஏன் சிக்கு வாடை அடிக்கிறது? கொழுப்பின் மூலக்கூறு ஒன்று காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கெட, அது பக்கத்திலிருப்பதைக் கெடுக்க, அது அடுத்ததைக் கெடுக்க, இப்படியே ஒரு சங்கிலி ஓடுகிறது. கார்னோசிக் அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து அந்தச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடுகிறது. இந்த ஆற்றல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதால்தான், ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ரோஸ்மேரிச் சாற்றை இ392 என்ற எண்ணில் உணவைக் கெடாமல் காக்கும் பொருளாக அனுமதித்தது. இறைச்சியில் அதைத் தடவிச் சுட்டால், அதிகச் சூட்டில் உண்டாகும் தீய அமீன்கள் குறைகின்றன என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, ரோஸ்மேரி எண்ணெயையும் இறைச்சியையும் காக்கிறது என்று துணிந்து சொல்லலாம். நம்மைக் காக்கிறதா என்பது வேறு கேள்வி. ஏனெனில், நாம் விழுங்கும் இத்தகைய பொருள்களில் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் உருமாறிய பிறகே இரத்தத்துக்குப் போகிறது. புட்டியில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடந்துவிடுவதில்லை.

முடி விஷயத்தில் எல்லோரும் காட்டும் ஆதாரம் 2015-இல் வெளிவந்த ஓர் ஈரானிய ஆய்வு. வழுக்கை விழத் தொடங்கிய 100 பேரில் பாதிப்பேர் ரோஸ்மேரி எண்ணெயையும் மறுபாதியினர் முடி வளரத் தடவும் மருந்தான 2 விழுக்காட்டு மினாக்ஸிடிலையும் ஆறு மாதம் தடவினார்கள். முடிவில் இரண்டு தரப்பிலும் முடி கூடியிருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. மூன்றாம் மாதத்தில் இருவருக்குமே குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்பதையும், எதையும் தடவாத ஒரு தரப்பு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் புலனச் செய்திகள் சொல்வதில்லை. ஆர்வமூட்டும் தொடக்கம் என்று வேண்டுமானால் இதைக் கொள்ளலாம்.

நினைவாற்றல் பற்றிய ஆய்வுதான் என்னை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது. 2012-இல் வெளியான அதில், சராசரி 75 வயதுள்ள 28 பேருக்கு ரோஸ்மேரித் தூளை வெவ்வேறு அளவுகளில் கொடுத்துச் சோதித்தார்கள். 750 மில்லிகிராம், அதாவது சமையலில் சேர்க்கும் அளவை ஒட்டிய சிட்டிகை, நினைவின் வேகத்தைக் கூட்டியது. 6,000 மில்லிகிராம் கொடுத்தபோது அதே வேகம் குறைந்தது. இரண்டு கரண்டி போட்டால் இரட்டிப்புப் பலன் என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. என் குவளையில் இலை மிதக்காது, அடைத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குவளைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. இவ்வாண்டுத் தொடக்கத்தில் எனக்கு இரத்தச் சோகை என்று கண்டு, அரசு கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அளவு ஏறவில்லை. "சாப்பாட்டோடு என்ன குடிக்கிறீர்கள், அக்கா?" என்று தாதி கேட்டார். காலையில் கெட்டியாகத் தே ஓ என்னும் பாலில்லாத் தேநீர், மதியம் சோறு உண்ட கையோடு ரோஸ்மேரி என்றேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டையும் சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் தள்ளி வைக்கச் சொன்னார். பச்சைத் தேயிலைச் சாறும் ரோஸ்மேரிச் சாறும் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கின்றன என்று இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2001-இலேயே காட்டியிருக்கிறது. அதில் ரோஸ்மேரியின் தடை தேயிலையைவிடச் சிறியது என்பதால், என் விஷயத்தில் பெரும்பழி தே ஓவையே சேரும். தேயிலையிலும் ரோஸ்மேரியிலும் இருக்கும், பாலிஃபீனால் என்று நாம் புகழும் பொருள்களேதான் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இலையில் மருந்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் சுடுகாட்டு ஓரங்களில் பூக்கும் நித்தியகல்யாணியை, நீரிழிவுக்கு உதவுமா என்று கனடாவில் ஆராய்ந்தபோது, அது எலிகளின் வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்தத் தடத்தில் கிடைத்த வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் இன்றும் இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் அவற்றை மில்லிகிராம் கணக்கில் அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் நரம்பில் ஏற்றுகிறார்கள். அந்த இலையை அரைத்துக் குடித்தால் நஞ்சுதான். மஞ்சளின் குர்க்குமின் இதற்கு நேர்மாறு: கொட்டிக் குடித்தாலும் இரத்தத்தில் சேர்வது சொற்பம். 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வில் மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோதுதான் அது பன்மடங்கு கூடியது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த இரசத்தை வைத்த பாட்டிகள் இதை அறிந்து செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ருசிக்காகச் செய்திருப்பார்கள்.

நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகளுக்கு மால் என்று தொடங்கி டி என்று முடியும் பதிவு எண் உண்டு. அந்த எண் கன உலோகமும் கள்ளத்தனமாகக் கலந்த ஸ்டீராய்டும் இல்லை என்பதற்கான ஒரு காப்பே தவிர, நோய் தீரும் என்பதற்கான சான்று அன்று. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படிச் சொல்லி வீட்டு வாசலுக்கு வருபவரிடம் நான் எண்ணைக்கூடக் கேட்பதில்லை.

இப்போது ரோஸ்மேரி என் வீட்டில் கோழியோடு மட்டும் சேர்கிறது. மஞ்சள், பூண்டு, எலுமிச்சையோடு ஒரு சிட்டிகை. மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு எடுத்துக்கொள்கிறேன். தே ஓவை மாலை நான்கு மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், அதுதான் கடினமாக இருக்கிறது. அடுத்த இரத்தப் பரிசோதனை வரும் மாதம்.