நான்கரை மணி நேரம்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

ஜெர்மனியின் ஹாலே நகரில் படிக்கப் போன மகளுக்கு அறைச் சாவி கிடைத்துவிட்டது. மூன்றாம் மாடி, கிழக்கே பார்த்த சன்னல், நான்கு பேருக்குப் பொதுவான சமையலறை. கட்டிலும் மெத்தையும் இருக்கின்றன, தலையணை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டில் கடைகளைத் திறக்க மாட்டார்களாம். ஆகவே கம்பளிச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இங்கே அவளுடைய அறையில் தலையணைகள் சும்மா கிடக்கின்றன. கொடுத்தனுப்பிய மட்டிப்பழச் சீப்பு நசுங்காமல் போய்ச் சேர்ந்ததாம். பாலும் நெய்யும் சேர்ந்த பண்டங்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, வாழைப்பழத்துக்கு அந்தத் தடை இல்லை என்று அவளே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. முந்திரிக்கொத்து எண்ணெயில் பொரித்ததுதான் என்று அடித்துச் சொல்லி அதையும் பெட்டிக்குள் வைத்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

தலையணை வாங்கிவிட்டாள்.

அக்டோபர் 16, புதன்

வகுப்புகள் தொடங்கிவிட்டன. விரிவுரை முடிந்ததும் அங்கே மாணவர்கள் கைதட்டுவதில்லையாம், விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்களாம். நான் ஓய்வு பெறும் நாள் வரை என் வகுப்பில் எவரும் எதையும் தட்டிப் பாராட்டியதில்லை, கடைசி மணிக்கு முன்பே டிபன் பெட்டியைத் தட்டியவர்கள் மட்டும் உண்டு.

இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் கட்டியது 11,904 யூரோ, நம் பணத்தில் 11 லட்சத்தை நெருங்கிய தொகை. அதிலிருந்து மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. அறை வாடகை, 120 யூரோவுக்கு மேல் போகும் மருத்துவக் காப்பீடு, தொலைபேசி, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாலும் என் தாளில் மீதி நிற்கிறது. ஆனால் பணத்தைப் பற்றிக் கேட்டால் அவள் பேச்சை மாற்றுகிறாள். மேலத்துண்டு நிலத்தை விற்றுத்தான் அந்தத் தொகையைக் கட்டினோம் என்பதால், அந்த நிலத்தின் பெயரை இப்போது இந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று அதிகாலை மூன்று மணி ஆனபோது அங்கே கடிகாரங்களை இரண்டு மணிக்குத் திருப்பிவிட்டார்கள். நேற்று வரை நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருந்தவள் இன்று முதல் நான்கரை மணி நேரம் பின்னால் இருக்கிறாள், இனி மார்ச் மாதக் கடைசி ஞாயிறு வரை இப்படித்தான். ஓர் அரசாங்கம் ஆணையிட்டு என் மகளை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பழைய சுவர்க்கடிகாரத்தைத் துடைத்து, மின்கலம் போட்டு, அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி முன்னறையில் மாட்டினேன். என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இரண்டு கடிகாரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

இங்கே தீபாவளி விடுமுறை. அங்கேயும் இன்று விடுமுறைதான்: 1517இல் லூத்தர் விட்டன்பர்க்கில் தம் கருத்துகளை வெளியிட்ட நாளை அந்த மாநிலம் விடுமுறை நாளாகக் கொண்டாடுகிறது. கடை இல்லை, வகுப்பு இல்லை, அவளுக்குப் பேசவும் ஆள் இல்லை.

அப்படியானால் பிராங்கே வளாகத்துக்குப் போய் வா என்றேன். 1698இல் கட்டத் தொடங்கிய அநாதை இல்லம் அது. அந்த ஊரில் வார்த்தெடுத்த தமிழ் எழுத்துகள்தாம் 1713இல் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து மிஷனரி சீகன்பால்கின் அச்சுக்கூடத்தில் இறங்கின. அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயிலேயே அச்சானது. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே காப்பகத்தில் இருக்கின்றன. காலமெல்லாம் தமிழ் நடத்திய ஒருத்தியின் மகள் அந்த இடத்துக்கு டிராமில் சில நிறுத்தங்கள் தள்ளிக் குடியிருக்கிறாள். சனிக்கிழமை போகிறேன் அம்மா என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

போகவில்லையாம்.

நவம்பர் 14, வியாழன்

மழை விடவில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் ஈரம் இருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்துபோகும். வேலை இல்லாமல் திண்ணையில் இருந்த அவரிடம் இன்று போனைக் கொடுத்தேன். அவர் நலம் விசாரிக்கவில்லை. அங்கே உனக்குப் படிப்பிப்பது நம்முடைய ரப்பரா, அவர்கள் காய்ச்சுகிற ரப்பரா என்று நேரடியாகக் கேட்டார்.

அவளும் சிரிக்காமல் பதில் சொன்னாள். ஹாலேயிலிருந்து மெர்சபர்க்குக்குப் போகும் ஐந்தாம் எண் டிராம் ஷ்கோபாவ் என்ற ஊரைக் கடந்து செல்கிறது. 1936இல் அங்கேதான் பியூட்டாடையீனிலிருந்து புனா என்ற செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யும் ஆலையை எழுப்பத் தொடங்கினார்கள். போர் வந்தால் மரத்து ரப்பர் கப்பலில் வந்து சேராது என்ற கணக்கில் செய்த ஏற்பாடு அது. ஆனாலும் இழுக்கும்போது நம்முடைய ரப்பரின் மூலக்கூறுகள் தாமாகவே வரிசையாகி இறுகிக்கொள்வதால் அது எளிதில் கிழியாது என்றும், விமானச் சக்கரங்களுக்கு இன்றும் அதுவே வேண்டியிருக்கிறது என்றும் விளக்கினாள். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் போனார். நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. என்னிடம் அவள் சொன்னது குளிராக இருக்கிறது என்பது மட்டும்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

கருவாடு வறுப்பதை நிறுத்திவிட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். சமையலறைச் சன்னலை ஒருத்தி வந்து திறந்து வைத்தாளாம், அந்தக் குளிரில். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு ரொட்டியும் முட்டையும்தான். சம்பா அரிசி தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன், இருக்கிறது என்றாள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து போத்தலை விட்டு இறங்க மறுக்கிறதாம்.

சன்னலைத் திறந்தவளைப் பற்றி நாள் முழுவதும் யோசித்தேன். அவள் மீது கோபம் இல்லை. வீட்டில் கருவாடு வறுக்கும்போது நானும் சன்னலைத் திறக்கத்தான் செய்கிறேன். ஆனால் திறந்துவிட்டு அங்கேயே நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

மயிலாடியில் ஒரு திருமணம். மிஷனரி ரிங்கல்தௌபேயை நினைக்காமல் அந்த ஊருக்குள் நுழைய எனக்கு முடியாது. இந்த முறை மனம் வேறு மாதிரி அலைந்தது. ஹாலேயில் படித்த அந்த மனிதர் 1806இல் இந்தப் பக்கம் வந்தார். சபைகளை உண்டாக்கினார், பள்ளிகளைத் தொடங்கினார், உடல்நலம் கெட்டு 1816இல் புறப்பட்டுப் போனார். பிறகு எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்பது இன்று வரை எவருக்கும் தெரியாது. அவருக்கும் கடலுக்கு அப்பால் ஒரு தாய் இருந்திருப்பாள். நாங்கள் ஆண்டுதோறும் அவரை நன்றியோடு நினைவுகூர்கிறோமே தவிர, அந்தத் தாய் எத்தனை கப்பல் வரும் வரை காத்திருந்தாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

பந்தியில் பக்கத்தில் இருந்த அக்காள், பெண்பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டார்கள். நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பிராங்கே வளாகத்துக்குப் போனாயா என்றேன். சனிக்கிழமை முழுவதும் தூங்கிவிட்டாளாம். நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் பகலையும் தூங்கிக் கழித்தால் வெளிச்சத்தை எப்போதுதான் பார்ப்பது?

டிசம்பர் 21, சனி

காலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டேன். மக்டெபுர்க் நகரில் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்துக்குள் ஒருவன் காரை ஓட்டியிருக்கிறான். ஹாலேயிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஊர், அதே மாநிலம். தோழிகளோடு சந்தை பார்க்கப் போக வேண்டும் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். எந்த ஊர்ச் சந்தை என்று நான் கேட்டிருக்கவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தேன். முன்னறைக் கடிகாரத்தில் மணி இரண்டு. தூங்கும் பிள்ளை போனை எடுக்க மாட்டாள் என்று அறிவுக்குத் தெரிகிறது, கை கேட்கவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் மகனை எழுப்பினேன், அவன் அங்கிருந்து அழைத்தும் பதில் இல்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கரிந்ததை அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் அறிந்தேன்.

எட்டு மணிக்கு அவர் பால் வாளியோடு வந்தார். என் முகத்தையும் தொலைக்காட்சியையும் பார்த்துவிட்டு, வாளியை இறக்கி வைத்து, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “அவளுக்கு ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கே செய்தி போட்டிருந்தா.”

நாலு மணிக்கு. யாருக்கு?

டிசம்பர் 22, ஞாயிறு

இறந்தவர்கள் ஐந்து பேர், அவர்களில் ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன். ஆராதனைக்குத் தனியாகப் போனேன். அவரோடு பேசவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

நானாகக் கேட்கவில்லை, அவரே போனை என் முன்னால் வைத்துவிட்டு ஷீட் அடிக்கப் போய்விட்டார்.

அக்டோபர் மாதத்திலிருந்தே இருக்கிறது. இங்கே அவர் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கும் நாலு மணி, இப்போது அங்கே இரவு பதினொன்றரை. “இன்னைக்கு மழை, வெட்டு இல்ல.” “இங்க பனி பெய்யுது அப்பா.” “என்ன தின்ன?” “ரொட்டி.” “தூங்கு.” பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு நாள் புகைப்புரைக் கம்பில் தொங்கும் ஷீட்டுகளின் படம், பதிலுக்கு அவளுடைய ஆய்வகத்தில் ரப்பரைப் பிடித்து இழுக்கும் எந்திரத்தின் படம். நவம்பர் நடுவில் ஒரு வரி: “வேலைக்கு வந்திருக்கேன், அம்மாட்ட சொல்லாதீங்க.”

வாரத்தில் இரண்டு இரவு, விமான நிலையத்துப் பக்கம் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, ஆகவே தவறான காரியம் ஒன்றும் அல்ல. வெள்ளி இரவு போய்ச் சனி காலையில் திரும்புகிறாள். சனிக்கிழமைத் தூக்கத்துக்குக் காரணம் இதுதான். வாரந்தோறும் ஓலைச்சுவடியைப் பார்த்தாயா என்று நான் துளைத்துக்கொண்டிருந்தபோது அவள் கால்வலியோடு கட்டிலில் கிடந்திருக்கிறாள்.

மாலையில் அவரிடம் கேட்டேன்: பெண்பிள்ளை, அந்நிய ஊர், நடுராத்திரி, உறைபனி, நீங்கள் எப்படிச் சம்மதித்தீர்கள்? அவர் உருளையைத் துடைத்துக்கொண்டே, ராத்திரி வேலை நம்ம வீட்டுக்குப் புதுசா என்றார். வெயில் ஏறுவதற்கு முன்பு மரத்துக்குள் அழுத்தம் மிகுதியாக இருக்கும், அப்போது வெட்டினால்தான் பால் நெடுநேரம் ஓடும் என்பதால் இந்த ஊரில் பாதிப் பேர் இருட்டில் எழுந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எனக்கு அடங்காத ஆத்திரம் அந்த வேலையைப் பற்றியது அல்ல. மேசையைத் தட்டுவதைச் சொல்ல நான், பனியைச் சொல்ல அவர் என்று அவள் எங்களைப் பங்கிட்டு வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 25, புதன்

அழைத்தாள். பாடினோம். வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கையுறை தருகிறார்களா, திரும்பிவர வண்டி இருக்கிறதா, இன்னொரு தமிழ்ப் பிள்ளை கூட உண்டா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றாள். பரீட்சை முடியும் வரை வாரம் ஓர் இரவு போதும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். இவர் எப்போது சொன்னார்? நாலு மணிக்குச் சொல்லியிருப்பார்.

ஜனவரி 26, ஞாயிறு

பிராங்கே வளாகத்துக்குப் போய் வந்திருக்கிறாள். மரச்சட்டங்கள் தெரியக் கட்டிய நீண்ட பழைய வீடும், மாடிப்படியும், தன் நிழலும் படங்களாக வந்திருந்தன, அவருடைய போனுக்கு. அம்மாவுக்குக் காட்டுங்கள் என்று கீழே எழுதியிருந்தாள். நான் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏன் எனக்கு நேராக அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, நீங்க கேள்வி கேப்பீங்க என்றாள். எழுத்து வார்த்தது எந்தக் கட்டடத்தில் என்று மட்டும்தான் கேட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ரப்பர் இலை உதிர்த்துவிட்டது. புது இலை முற்றும் வரை வெட்டு இல்லை. இருந்தும் நாலு மணிக்கு எழுந்து திண்ணையில் போனோடு உட்காருகிறார். இன்று நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் அமர்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார், ஆனால் எழுதப் போனைத் தரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று பரீட்சை. அங்கே 1.0 என்பதுதான் மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு போட்டுப் பழகிய கை இதை ஒத்துக்கொள்ள மறுக்கிறது. பரீட்சை எப்படி இருந்தது என்றால் சரியாகத்தான் இருந்தது என்கிறாள். இரண்டு கேள்விகள் பிசகிவிட்டன என்று நாலு மணிக்கு அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

முடிவு வரவில்லை. வாடகைக்கான மார்ச் மாதப் பணம் அக்கவுண்டில் வந்துவிடும், அதில் கவலை இல்லை. அவளுக்கு மூக்கடைப்பு. முடிவைப் பற்றி அவளை நச்சரிக்கக் கூடாது என்று இவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் கேட்டுவிடுவேன்.