அப்பத்தாவிடம் புளியங்கொட்டை தோற்ற கதை

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் முடிந்துவிட்டதாம். அந்தத் தெம்பில் என் மகன், வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கத் தாயக்கட்டையோடு உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம் போய்ப் பந்தயம் கட்டினான்.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, மிச்சம் ஒன்று வெறுமை.

"அப்பத்தா, ரெண்டு கட்டைல எதுல வெறுமை விழுந்தாலும் நீ எனக்கு ஒரு புளியங்கொட்டை தரணும். விழலைன்னா நான் தர்றேன். முதல் கட்டைக்கு 1/4, அடுத்ததுக்கு 1/4, ஆக சரிபாதி. யாருக்கும் நஷ்டமில்ல."

அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். கொஞ்ச நேரத்தில் பையனின் கிண்ணத்தில் அடி தெரிந்தது.

"இன்னிக்கு நேரம் சரியில்லப்பா" என்றான்.

நேரத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு கட்டையும் விழும் விதம் மொத்தம் 16. முதல் கட்டை வெறுமையாக விழுவது அதில் 4, இரண்டாவது வெறுமையாக விழுவதும் 4. எட்டு என்று கூட்டினால், இரண்டுமே வெறுமையாக விழும் அந்த ஒரே விதம் (ஆட்டத்தில் அதற்குப் பன்னிரண்டு என்று பெயர்) இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலிலும் பெண் வீட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்கிற சித்தப்பாவுக்கு ரெண்டு இலை போட்ட மாதிரி. ஒன்றை எடுத்துவிட்டால் 7/16. அம்மா பக்கம் 9/16.

புத்தகத்தில் இதற்குக் கூட்டல் தேற்றம் என்று பெயர். இரண்டு நிகழ்ச்சிகளின் சேர்ப்புக்கு, அதாவது இதுவோ அதுவோ நடப்பதற்கு, இரண்டையும் கூட்டி, வெட்டை, அதாவது இரண்டும் சேர்ந்தே நடப்பதை, ஒரு முறை கழிக்கணும். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் அந்தக் கழித்தல் கிடையாது. தாயமும் (ஒரு கட்டையில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை) அஞ்சும் (ஒன்றில் இரண்டு, மற்றதில் மூன்று) ஒரே உருட்டலில் விழாது. 2/16, 2/16 கூட்டி 4/16 என்று போய்விடலாம். நம்மாள் மனப்பாடம் பண்ணியது அந்தக் குட்டி வாய்ப்பாட்டை மட்டும்.

சொன்னால் ஒத்துக்கொள்ளணுமே! "தனித்தனி கட்டைப்பா, கூட்டத்தானே செய்யணும்?" என்கிறான். கட்டம் போட்டுக் காட்டலாமென்று நான் பேப்பர் தேடுவதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஏண்டா ராசா, ஒரு கட்டைல வெறுமையோ ஒத்தைப் புள்ளியோ விழ எம்புட்டு?"

"நாலுல ரெண்டு. பாதி."

"அடுத்த கட்டைல?"

"அதுவும் பாதி."

"கூட்டு."

"ஒண்ணு" என்றவன் முழித்தான். நிகழ்தகவு 1 என்றால் நடந்தே தீரணும் என்பது அவனுக்கே தெரியும்.

"அப்ப எப்ப உருட்டினாலும் விழுந்தாகணும். இருக்குற கொட்டையை மொத்தமா வை."

பின்வாங்க மானம் விடவில்லை, வைத்தான். கட்டை உருண்டது. ஒன்றில் இரண்டு, மற்றதில் மூன்று.

உள்ளதைச் சொன்னால், அந்தப் பந்தயத்தில் வெட்டு 4/16. கழித்தாலும் பையனுக்கு 12/16 வாய்ப்பு இருந்தது. அம்மாவுக்கு நாலில் ஒரு பங்குதான். ஏகாதசி விரதத்துக்குப் பெருமாள் ஏதாவது செய்திருப்பார்.

பையன் காலிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "கொட்டை கடன் குடு அப்பத்தா. இனிமே வெறுமை விழாதுங்கிற பக்கம் நான்" என்று கட்டைக்குக் கை நீட்டினான்.

அம்மா விடவில்லை. "கையை எடுடா. அஞ்சு விழுந்திருக்கு, மறு ஆட்டமும் எனக்குத்தான்."