ரெண்டு வருஷம் ஆஸ்துமான்னு நெனச்சது லாம் (LAM)ங்கற நுரையீரல் நோய்னு தெரிஞ்சது எப்படி

சின்ன வயசுலேர்ந்தே எனக்கு மூக்கு ஓரத்துலயும் கன்னத்துலயும் செவப்பா பொடிப்பொடியா இருக்கும், பருன்னு நெனச்சு க்ரீம் தடவிட்டு இருந்தோம். அஞ்சு வயசுலேர்ந்து ஒம்பது வயசு வரைக்கும் ஃபிட்ஸ் வேற வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. இது ரெண்டையும் யாருமே சேத்துப் பாக்கல.

29 வயசுல மாடிப்படி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சது. ஆஸ்துமான்னு இன்ஹேலர் குடுத்தாங்க, ரெண்டு வருஷம் இழுத்தும் ஒண்ணும் கேக்கல. ஒருநாள் கொடியில துணி போட கையத் தூக்குறேன், வலது நெஞ்சுல சுருக்குன்னு ஒரு குத்து, அதுக்கப்புறம் மூச்ச முழுசா இழுக்கவே முடியல. எக்ஸ்ரே எடுத்தா வலது நுரையீரல் சுருங்கிக் கெடக்கு, சுத்தி காத்து. விலா நடுவுல டியூப் போட்டு கட்டிலுக்குக் கீழ தண்ணி பாட்டில்ல விட்டாங்க. நான் இருமும்போதெல்லாம் பாட்டில்ல குபுகுபுன்னு குமிழி வரும், அம்மா ராத்திரியெல்லாம் அதையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, ஏழாவது நாள்தான் நின்னுச்சு.

சி.டி.ல ரெண்டு பக்கமும் வட்ட வட்டமா காத்துப்பை. நுரையீரல் டாக்டர் ஃபிலிமப் பாத்துட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு. "ஏம்மா, சின்ன வயசுல ஃபிட்ஸ் வந்துச்சா?"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, 22 வருஷம் கழிச்சு ஒருத்தர் கேக்குறாரு. கிட்னி ஸ்கேன்ல ரெண்டுலயும் கொழுப்புக் கட்டி இருந்துச்சு. ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ்னு சொன்னாரு, ஜீன் கோளாறால உடம்புல அங்கங்க கட்டி வர்ற நோய், முகத்துப் பொடி, ஃபிட்ஸ், கிட்னிக் கட்டி எல்லாம் இதாலதான். அதுல நுரையீரல்ல வர்றதுக்குப் பேரு லாம், பெரும்பாலும் பொம்பளைங்களுக்குத்தான் வரும். பயாப்ஸியே தேவைப்படல. ஜீன் டெஸ்ட்ல டிஎஸ்சி2ங்கற ஜீன்ல கோளாறுன்னு வந்துச்சு, அம்மா அப்பாவுக்கு அது இல்ல, எங்கிட்டதான் புதுசா வந்திருக்கு. அம்மாவுக்கு அதக் கேட்டப்புறம்தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு.

பீரியட்ஸுக்குன்னு சாப்பிட்டுட்டு இருந்த ஹார்மோன் மாத்திரைய அன்னிக்கே நிறுத்தச் சொன்னாரு, ஈஸ்ட்ரோஜன் இந்த நோய தூண்டி விடுமாம். அப்புறம் சிரோலிமஸ், கிட்னி மாத்துனவங்களுக்குக் குடுக்குற அதே மாத்திரை. இந்த மாத்திரைய லாமுக்குக் குடுத்துப் பாத்த மைல்ஸ்ங்கற ஆய்வு 2011ல வந்துச்சு, அதுல 89 பொம்பளைங்க இருந்தாங்க, ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு ஊதுற டெஸ்ட் (நுரையீரல் எவ்ளோ நல்லா காத்த ஊதுதுன்னு பாக்குறது) குறையாம நின்னுச்சு, நிறுத்தினதும் திரும்ப குறைய ஆரம்பிச்சது. அதனால நீங்களா நிறுத்திடாதீங்கன்னு மூணு தடவ சொன்னாரு. மொத மாசம் வாயெல்லாம் புண்ணு, ரசம் பட்டாலே உயிர் போகும், வெறும் தயிர் சாதம்தான். கொலஸ்ட்ரால் ஏறுச்சு, அதுக்கும் ஒரு மாத்திரை.

ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் இருக்குற பொண்ணு உங்க வீட்ல இருந்தா, மூச்சு வாங்கலன்னாலும் 18 வயசுக்கு மேல நெஞ்சு சி.டி. ஒண்ணு எடுக்கணும், டாக்டர் சொல்லலன்னா நீங்களே கேளுங்க. எனக்கு இப்ப மூணு வருஷமாச்சு, ஊதுற டெஸ்ட் அன்னிக்கு 68 சதவீதம், போன மாசம் 67.