1921: பேப் ரூத்தின் பேராண்டு

பேஸ்பாலில் ஒரே பருவத்தில் வெளிப்பட்ட அடிவலிமையைப் பற்றிப் பேசுவோர், 2001-இல் பாரி பாண்ட்ஸ் அடித்த 73 ஹோம் ரன்களையே (மட்டையாளர் ஆடுகளத்தின் நான்கு தளங்களையும் சுற்றிவர வழிசெய்யும் அடிகள்) முதலில் குறிப்பிடுவர். என் மனமோ 1921-ஆம் ஆண்டின் பேப் ரூத்தையே நாடுகிறது. நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக அவ்வாண்டு அவர் 44 டபுள்கள் (இரண்டு தளங்கள் ஈட்டும் அடிகள்), 16 டிரிபிள்கள் (மூன்று தளங்கள் ஈட்டுபவை), 59 ஹோம் ரன்கள் அடித்தார். ஒரு தளம் மட்டும் ஈட்டும் சிங்கிள்களையும் சேர்த்தால், அவருடைய அடிகள் ஈட்டித் தந்த தளங்களின் மொத்தம் 457. எத்தனையோ வலிமைமிக்க ஆட்டக்காரர்கள் வந்து சென்ற பின்னரும் அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை என்பது என்னை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது. எச்சில் தடவிப் பந்தெறிவதற்கு 1920-இல் விதிக்கப்பட்ட தடை மட்டையாளர்களுக்குச் சாதகமாக அமைந்தது உண்மையே. ஆயினும் அதே விதி அனைவருக்கும் பொதுவாக இருந்தும், 1921-இல் அவருக்கு அடுத்த இடத்தில் நின்ற பாப் மியூசலும் கென் வில்லியம்ஸும் தலா 24 ஹோம் ரன்களையே அடித்தனர்.