மைஎஸ்க்யூஎல்லில் இருந்து போஸ்ட்கிரஸுக்கு: சத்தமில்லாமல் மாறிய விஷயங்கள்

எங்கள் அலுவலகத்தின் முக்கியமான செயலி பல வருடங்களாக மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிவதாக இருந்ததால், எப்படியும் சர்வரில் கைவைக்க வேண்டிய நிலை. சரி, போவதுதான் போகிறோம், போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தோம்.

டேட்டாவை நகர்த்துவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பாதி சுலபம். பிஜிலோடர் என்ற இலவசக் கருவி டேபிள்களை உருவாக்கி, டேட்டாவை ஏற்றி, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்களையும் போட்டுக் கொடுத்துவிடுகிறது. 0000-00-00 என்ற தேதியைப் போஸ்ட்கிரஸ் ஏற்காது. அதைக்கூட பிஜிலோடர் நல் (மதிப்பு இல்லை என்ற குறி) ஆக்கிவிடும். ஏற்கெனவே வரி இருந்தால் அதைப் புதுப்பிக்கும் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' போன்ற மைஎஸ்க்யூஎல் க்வெரிகள் போஸ்ட்கிரஸில் ஓடவே ஓடாது என்பதால் உடனே கண்ணில் படும், 'ஆன் கான்ஃப்ளிக்ட்' என்று மாற்றி எழுதினால் முடிந்தது.

பயப்பட வேண்டியது, எந்தப் பிழையும் காட்டாமல் வேறு விடை தரும் க்வெரிகளுக்குத்தான். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. போஸ்ட்கிரஸில் வேறு வேறு. மின்னஞ்சல் முகவரியின் முதல் எழுத்தைப் பெரியதாக அடித்தால் லாகின் ஆகவில்லை என்பது சோதனையிலேயே தெரிந்தது. அதைவிட மோசமானது யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி. ஒரே முகவரியை எழுத்து மாற்றி அடித்தால் இரண்டாவது கணக்கு தாராளமாக உருவாகிறது, யாருக்கும் எச்சரிக்கை வராது. இதற்கென்றே பெரிய, சிறிய எழுத்தை ஒன்றாகப் பார்க்கும் சிடெக்ஸ்ட் என்ற டைப் இருக்கிறது. ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷன் மேல் யூனிக் இண்டெக்ஸ் போட்டு, தேடும் க்வெரிகளையும் அதற்கேற்ப மாற்றினோம். 'லைக்' இருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தேவையானதை எழுத்தின் பெரிது சிறிதைப் பார்க்காத 'ஐலைக்' ஆக்கினோம்.

ஏறுவரிசையில் நல் மதிப்புகள் மைஎஸ்க்யூஎல்லில் முதலில் வரும், போஸ்ட்கிரஸில் கடைசியில். கெடு தேதி இல்லாத வேலைகள் பட்டியலின் தலையில் இருந்து கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டன. 'நல்ஸ் ஃபர்ஸ்ட்' என்று சேர்த்தால் சரியாகிவிடும், ஆனால் யாராவது கவனிக்க வேண்டுமே! அதனால் முக்கியமான ரிப்போர்ட்டுகளை இரண்டு டேட்டாபேஸிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினோம். இந்த மாற்றத்தில் செலவழித்த நேரத்திலேயே மிகப் பயனுள்ளது அதுதான்.

டிரான்ஸாக்ஷனுக்குள் (மொத்தமாக நடக்க வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) ஒரு இன்சர்ட் தோற்றால், அதை ரத்து செய்யும் ரோல்பேக் நடக்கும்வரை போஸ்ட்கிரஸ் அடுத்த எந்தக் கட்டளையையும் ஏற்காது. பிழையைப் பிடித்துவிட்டு மேலே போகும் நிரல் உங்களிடம் இருந்தால், திரும்பி வரும் இடமாக ஒரு சேவ்பாயிண்ட் வைக்க வேண்டும்.

மாற்றும் நாளில் செயலியை நிறுத்தி, டேட்டாவை ஏற்றி, 'அனலைஸ்' ஓட்டிவிட்டுத்தான் திறந்தோம். அது இல்லாவிட்டால் க்வெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானரிடம் புள்ளிவிவரமே இருக்காது, நல்ல இண்டெக்ஸ் இருந்தும் க்வெரி இழுக்கும்.

அப்புறம் ஒன்று. ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு இணைக்கும் ஃபாரின் கீ வைத்தால் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சின் தானாகவே இண்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரஸ் போடாது. பழைய டேபிள்களின் இண்டெக்ஸ்கள் பிஜிலோடர் வழியாக வந்துவிட்டதால் இது முதலில் தெரியாது. பிறகு உருவாக்கும் டேபிள்களில்தான் டிலீட் மெதுவாகும். இப்போது எங்கள் குழுவில் ஃபாரின் கீ சேர்க்கும் ஒவ்வொரு மாற்றத்திலும் இண்டெக்ஸ் வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதிக்கிறோம்.